மலை ரயில் கட்டுரையைப் படித்தபின் மகளுக்கு

கோத்தகிரி

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஐந்து பக்கக் கட்டுரையை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். நீலகிரி மலை ரயிலை மதிப்பிட்டு எழுதச் சொன்ன பேராசிரியர், இது மதிப்பீடே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தொலைபேசியில் வருத்தப்பட்டாய். அவர் சொன்னது சரிதான், கண்ணு. ஆனால் குறை உன் உழைப்பில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக, அதாவது தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவனாக, இருந்த இத்தனை ஆண்டுகளில் தினமும் நான் செய்த வேலையே மதிப்பிடுவதுதான் என்பதால், எனக்குத் தெரிந்த வழியில் எழுதுகிறேன்.

முதல் மூன்று பக்கங்களும் வரலாறாகவே போய்விட்டன. பாதை 1899-இல் குன்னூரை எட்டியது, 1908-இல் உதகைக்கு வந்தது, 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் என எல்லாவற்றையும் சரியாகத் தந்திருக்கிறாய். ஆனால் அவற்றில் ஒன்றுகூட எதற்கும் சான்றாக வந்து நிற்கவில்லை. கடைசிப் பத்தியில், "ஆகவே இது மிகச் சிறந்த ரயில்" என்று முடித்துவிட்டாய். எதற்குச் சிறந்தது, யாருக்குச் சிறந்தது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று உடனே கேட்கத் தோன்றுகிறது.

நீ சிறுமியாக இருந்தபோது சுவை பார்க்கும் அறைக்கு வந்து, வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருக்கிறாய். தேநீரைச் சோதிக்க வடிக்கும் முறைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்று அது வகுத்திருக்கிறது. எல்லாக் கோப்பைக்கும் தூளும் நீரும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான், நாக்கில் தெரியும் வேறுபாடு தேயிலையின் வேறுபாடு என்று நம்ப முடியும். கட்டுரையில் அந்த வேலையைச் செய்வது அளவுகோல். அதை முதல் பத்தியிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பின்னர் வரும் ஒவ்வொன்றையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அது பொருளின் பயனிலிருந்து வர வேண்டும். கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் சி.டி.சி. தூள் பால் கலந்து குடிப்பதற்கானது; நிறமும் கடுப்பும் இல்லாவிட்டால் அதை நான் ஒதுக்கிவிடுவேன். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்துக் கொழுந்தைப் பழைய முறையில் உருட்டிச் செய்த ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் அதே கடுப்பைத் தேடினால், அதன் மணத்துக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். மலை ரயிலும் அப்படித்தான். போக்குவரத்து என்ற அளவுகோலில் வைத்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற ஏறத்தாழ 5 மணி நேரம் எடுக்கும் வண்டி, அதில் பாதி நேரத்தில் வந்துவிடும் பேருந்திடம் தோற்றே தீரும். பொறியியல் சாதனை என்று வைத்தால், கல்லாறு முதல் குன்னூர் வரை, 12.5 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தை நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏறிவரும் அந்த வண்டிக்கு ஈடு சொல்வது கடினம். நீ வரலாறாக எழுதிய எண்களில் பல இந்த இடத்தில் சான்றாக மாறிவிடும்; மற்றவற்றைத் தயங்காமல் வெட்டிவிடு.

தீர்ப்போடு காரணமும் வர வேண்டும். ஒரு முறை எங்கள் தேயிலையின் இரண்டு மாதிரிகளைச் சுவை பார்த்த ஒருவர் "தரம் குறைவு" என்று மட்டும் எழுதி அனுப்பினார். எதைத் திருத்துவது என்று தெரியாமல் வாட்டும் தொட்டியையும் உருட்டும் இயந்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு வாரம் வீணானது. அடுத்த வாரம் வேறொருவர் "லேசான புகை வாடை" என்று எழுதினார். உடனே உலர்த்தியைத் திறந்து பார்த்தோம். அடுப்பின் குழாயில் விரிசல் இருந்தது. இருவருமே எங்கள் தேயிலையைக் குறைதான் சொன்னார்கள். ஆனால் இரண்டாமவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். உன் கட்டுரையில் "அருமை", "அற்புதம்" என்ற சொற்கள் பதினொரு இடங்களில் வருகின்றன. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் நீ கண்டதை எழுது.

உனக்கு அந்த வண்டியின் மேல் எவ்வளவு பிரியம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் எதிர்த்தரப்பை நீ தொடவே இல்லை என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடப்படும்போது பயணம் ரத்தாவதை மறைக்காதே. அதை நேர்மையாக எழுதி, உன் அளவுகோலில் அதற்கு எவ்வளவு எடை என்பதையும் சொல். அப்போது நீ தரும் பாராட்டைப் படிப்பவர் நம்புவார். தீர்ப்பு முழுப் பாராட்டாகவோ முழுக் கண்டனமாகவோ இருக்க வேண்டியதில்லை. "அன்றாடப் பயணத்துக்கு ஏற்றதல்ல, ஆனால் காப்பாற்றி ஓட்டப்பட வேண்டியது" என்று சொல்ல உனக்குச் சான்று இருந்தால், அப்படியே சொல்.

முழுவதையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம். முதல் பத்தியை மட்டும் அளவுகோலோடு புதிதாக எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அம்மாவும் படிக்கக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா