பட்டத்தின் விலையை வருடங்களில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளிவந்ததும் திருகோணமலை வீடுகளில் இரண்டு பேச்சுக் கேட்கும். "காணியை ஈடு வைத்தாவது பிள்ளையைப் பட்டதாரியாக்கு" என்பது ஒன்று. "கம்பஸ் முடிச்சதுகளே ஆளுநர் செயலகத்துக்கு முன்னால பதாதையோட நிக்குதுகள், பிறகு என்னத்துக்குப் படிப்பு" என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் கணக்கு இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பட்டத்துக்குப் போடுவதை மட்டும் ஏனோ அளப்பதில்லை. பணத்தையாவது சிலர் அளக்கிறார்கள். வருடங்களை அளப்பவர் மிகக் குறைவு.

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் அது. ஆனால் இலவசமாய்க் கிடைப்பது விரிவுரைதான். பிள்ளையின் நான்கு வருடம் இலவசமல்ல. 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்த அடிமட்டச் சம்பளத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகூட நான்கு வருடத்தில் 14 இலட்சத்து 40 ஆயிரம் உழைக்கும். முதலாளி கட்டும் ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம் இரண்டும் சேர்ந்தால் மேலும் 2 இலட்சத்து 16 ஆயிரம். ஆக, "இலவச" பட்டத்தின் விலை பதினாறரை இலட்சத்தில் தொடங்குகிறது. போடிங், சாப்பாடு, பஸ் காசு இதற்கு மேல். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்ந்தது நல்லதுதான். மாத்தறையிலோ பேராதனையிலோ அறை எடுத்திருக்கும் பிள்ளைக்கு அது மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே பற்றாது.

நான்கு வருடம் என்பதும் கையேட்டில்தான். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, அனுமதிக்கு வேண்டிய ஆகக்குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து முதல் விரிவுரையில் உட்கார ஒரு வருடம் போய்விடும். சில தொகுதியினருக்கு அதற்கும் மேல். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களை விழுங்கியது. 2025 உயர்தரப் பரீட்சை டித்வா புயலால் இடையில் நின்று 2026 ஜனவரியில்தான் முடிந்தது. இவற்றில் எதையும் பிள்ளையால் தடுக்க முடியாது. தடுக்கக்கூடிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: மூன்றாம் தடவை எழுதுவதில்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம் என்பதால், மூன்று தடவையும் எழுதியே தீரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது நீங்கள் எடுத்த புள்ளியல்ல; அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் மேலே அல்லது கீழே நிற்கிறீர்கள் என்பதை நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சிதறியிருக்கும் அளவால்) வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுத்தது. எனவே அடுத்த முறை பத்துப் புள்ளி கூடினாலும், எல்லோருக்கும் கூடியிருந்தால் இசட் அசையாது. முதல் தடவையிலேயே நமது மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு 0.1 குறைவாக நிற்கும் பிள்ளை மறுபடி எழுதுவதில் நியாயம் உண்டு. 0.5 குறைவாக நின்றால் அதே ரியூஷன், அதே குறிப்பு, இன்னொரு வருடம் என்று போவது பெரும்பாலும் வீண். ஒப்பிடும்போது கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. திருகோணமலை அந்தப் பதினாறில் ஒன்று.

விண்ணப்பத்தில் செய்யும் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "கிடைக்காததை முதலில் போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்ற வதந்தியை நம்பி, விரும்பிய கற்கைநெறியைக் கீழே தள்ளி எழுதுகிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் இசட் எட்டும் முதலாவது தெரிவைத் தருகிறது. எட்டாத ஒன்று முதலில் இருப்பதால் எதுவும் குறையாது. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள். விருப்பமில்லாத ஒன்று கிடைத்து, ஒரு வருடம் போய்ப் பார்த்து இடையில் விட்டு வருவதைப்போல் விலை கூடிய பட்டம் வேறில்லை.

எந்தப் பட்டம் என்பதில் ஒரு கோடு போடலாம். தொழில் செய்வதற்கான பதிவைத் தரும் பட்டங்களில் விலை பற்றிய விவாதமே அதிகம் தேவையில்லை. பதிவு கிடைக்குமா என்று பார்த்தால் போதும். மருத்துவத்துக்கு இலங்கை மருத்துவ சபை, பொறியியலுக்கு இலங்கைப் பொறியியல் பேரவை, கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நடத்தும் சித்த மருத்துவத்துக்கு ஆயுர்வேத மருத்துவ சபை. சட்டமாணிப் பட்டம் மட்டும் நீதிமன்றம் ஏறப் போதாது. சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிற்சிக் காலமும் அதன் பின்னால் இருக்கின்றன. அந்த வருடங்களையும் கூட்டுங்கள்.

கலைப் பட்டத்தில்தான் கணக்கு இறுகும். மூன்று வருடப் பொதுப் பட்டம் இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். விரிவுரையாளர் பதவியையோ முதுமாணியையோ நோக்கிப் போகிறவருக்கு நான்காவது வருடம் தேவை. அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்தை மட்டும் எதிர்பார்ப்பவருக்கு இரண்டு பட்டமும் ஒரே சம்பளப் படியில்தான் தொடங்கும். அப்படியிருக்க நான்காவது வருடத்தை எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த நியமனமும் அரசாங்கம் நினைத்தபோதுதான் வரும். 2020இல் எடுக்கப்பட்ட பட்டதாரிகள் முதல் ஒரு வருடம் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுநர்களாகத்தான் இருந்தார்கள். நியமனத்தை எதிர்பார்த்துச் சும்மா இருக்கும் வருடங்களும் பட்டத்தின் விலைக்குள் அடங்கும்.

நியமனம் பெற்றபின் மற்றைய அரச கரும மொழியில் குறித்த காலத்துக்குள் தேர்ச்சி காட்டாவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும் என்பது பலருக்கு நியமனக் கடிதத்தை வாசிக்கும்போதுதான் தெரியவருகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு அது சிங்களம். முகாமைத்துவம், விஞ்ஞானம் போன்ற கற்கைநெறிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பெறுபேற்றுக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வருடத்தில் இந்த இரண்டு மொழியையும் தொட்டுவிட்டால் பட்டத்தின் பெறுமதி கூடும். மூன்று இனமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் சிங்களம் பழக வகுப்புக்குக்கூடப் போகத் தேவையில்லை.

இனித் தனியார் பட்டம். பெற்றோர் அதிகமாக ஏமாறுவது இங்கேதான், அதுவும் சொற்களால்.

"அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்று விளம்பரம் சொன்னால் எந்தப் பதிவு என்று கேளுங்கள். கம்பனிப் பதிவு எந்தக் கடைக்கும் கிடைக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சி நடத்துவதற்கானது, பட்டம் வழங்குவதற்கானதல்ல. இலங்கையில் ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவித்தல் நிறுவனத்தின் பெயரோடு நிற்பதில்லை. எந்தப் பட்டம் என்றும் பெயர் சொல்லும். ஒரு பட்டத்துக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் புதிதாகத் தொடங்கும் இன்னொரு பட்டத்துக்கு அது தானாக வந்துவிடாது. விண்ணப்பப் படிவத்தில் உள்ள பட்டத்தின் பெயரையும் வர்த்தமானியில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், பொதுநலவாயப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்றுதான் மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். நீங்களும் அதையே பாருங்கள். சான்றிதழில் யாருடைய பெயர் அச்சாகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது கட்டணம். இரண்டு வருட எச்.என்.டி (உயர் தேசிய டிப்ளோமா), பிறகு அதைப் பட்டமாக உயர்த்தும் ஒரு வருட "டொப் அப்" என்று விற்கப்படும் பட்டங்களில் முதல் இரண்டு வருடம் ரூபாவில் மலிவாகத் தெரியும். கடைசி வருடக் கட்டணம் பவுணில் இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. பவுணும் சேர்ந்து ஏறியது. பாதி வழியில் நின்ற பிள்ளைகள் கையில் டிப்ளோமாவோடு வீட்டுக்கு வந்தார்கள். எனவே மூன்று வருடத் தொகையையும் முதல் நாளே எழுத்தில் கேளுங்கள்: பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சித்தியடையாத பாடத்தை மீள எழுதும் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிவு, பட்டமளிப்பு விழா. இடையில் விட்டால் எவ்வளவு திரும்பும் என்பதையும் சேர்த்துத்தான். வாயால் சொன்ன கழிவு பற்றுச்சீட்டில் வராது.

கடனைப் பார்ப்போம். 12 இலட்சத்தை 14 வீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 27,900 ரூபா. மொத்தம் 16 இலட்சத்து 75 ஆயிரம் கட்டி முடிக்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தில் 8 வீதச் சேமலாப நிதி போக வீட்டுக்கு வருவது 27,600. தவணைக்கே 300 ரூபா குறைகிறது. 60,000 ரூபாச் சம்பளத்தில் தொடங்கினாலும் கைக்கு வரும் 55,200இல் பாதி வங்கிக்குப் போகும். நகை அடகு வைத்துக் கட்டினால் இந்தக் கணக்குக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடகுக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடனை முதலில் விசாரியுங்கள். அரசு ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் குறித்த பட்டங்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். தொடங்கியபோது பாடநெறிக் கட்டணத்துக்கு 8 இலட்சம் வரை தந்தது. வரம்பும் தகைமையும் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பம் கோரும் அறிவித்தலையே வாசியுங்கள். கட்டணம் வரம்பைத் தாண்டினால் மிகுதி உங்கள் பொறுப்பு. பிணையாளரும் தேவை. பிணை நிற்கும் மாமாவோ சித்தப்பாவோ எதில் கையெழுத்து வைக்கிறார் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள்.

பட்டத்துக்கு வெளியே இருக்கும் வழியைப் பற்றி நம் ஊரில் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள், அது ஏதோ தோற்றவர்களின் வழி என்பதுபோல. தொழில்நுட்பக் கல்லூரி திருகோணமலையிலேயே இருக்கிறது. முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவைக் கட்டணமின்றி நடத்தும் அரச உயர் தொழில்நுட்ப நிறுவகமும் இருக்கிறது. என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்தகைமைத் தரங்கள் ஏழு: 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மின் இணைப்பு, காய்ச்சி ஒட்டுதல், குளிரூட்டி திருத்தல், ஹோட்டல் சமையல் எதுவானாலும் 4ஆம் தரம் எடுத்தவர் தனித்து வேலை செய்யக்கூடியவர் என்று பொருள். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களும் சீனக்குடாத் தொழிற்சாலைகளும் கேட்பது இந்த ஆட்களைத்தான். 6 வரை போனவர் இரத்மலானையிலுள்ள யூனிவோடெக் எனும் தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம். வருடக்கணக்காய் வேலை தெரிந்தும் தாள் இல்லாதவருக்கு, முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழியும் உண்டு.

இதிலும் தவறுகிற இடம் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பலர் தொழிலிடப் பயிற்சியை முடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது முடியாமல் இறுதி மதிப்பீடு இல்லை, மதிப்பீடு இல்லாமல் என்.வி.கியூ இல்லை. நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழை என்.வி.கியூ என்று நினைத்து வெளிநாட்டு முகவரிடம் கொண்டுபோய்த் திரும்பி வருபவர்களும் உண்டு.

கடைசியாக, பத்திரிகைகளிடமே ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த வாரத்தில் உங்கள் பக்கங்களில்தான் இந்தப் பட்ட விளம்பரங்கள் அதிகம் வருகின்றன. பட்டம் என்ற சொல்லோடு வரும் எந்த விளம்பரத்திலும் வர்த்தமானி இலக்கமும் திகதியும், அல்லது பட்டம் வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரும் அச்சாக வேண்டும் என்று விளம்பரதாரரிடம் கேளுங்கள். தர மறுப்பவரின் விளம்பரத்தை அந்த வாரத்துக்காவது நிறுத்தி வைத்து, அந்த இடத்தில் திருகோணமலை மாவட்டத்தின் கடந்த வருட வெட்டுப்புள்ளிகளையும் தொழில்நுட்பக் கல்லூரியின் விண்ணப்ப இறுதித் திகதியையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தொழில் வழிகாட்டல் ஆலோசகர்,
உவர்மலை, திருகோணமலை.