சிங்கப்பூர் டவுன்டவுன் ரயிலில் பார்த்த அக்காவுக்கு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, லிட்டில் இந்தியாவில் ரயிலேறி என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த நன்றி உங்களுக்குத்தான்.

தங்கையின் வளைகாப்புக்குக் குரோஷேயில் (கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை) 21 குட்டி மாம்பழம் பின்னி, தோரணமாகக் கோக்க ஆசைப்பட்டேன். முடித்த ஒன்பதிலும் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. நீங்கள் ஒன்றை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்து, "நூல் நல்லாத்தாம்மா இருக்கு, ஊசிதான் பெருசு" என்றீர்கள். என்னுடையது 4 மில்லிமீட்டர். உங்கள் பையிலிருந்து 2.5 எடுத்துக் கொடுத்தீர்கள்.

அப்புறம் கண்ணி குறைக்கிற இடம். அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளிலும் முன்பக்க இழையை மட்டும் ஊசியில் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே கண்ணியாக முடிக்க வேண்டும் என்று மெதுவாக இரண்டு தடவை செய்து காட்டினீர்கள். ஓட்டையே தெரியவில்லை! பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து, மாம்பழத்தின் மூக்கு நுனிவரை சாப்ஸ்டிக்கால் தள்ளச் சொன்னதும் நீங்கள்தான்.

பியூட்டி வேர்ல்டில் இறங்க வேண்டியவர் ஹில்வியூ வரை வந்துவிட்டீர்கள். ஊசியை நீட்டினேன். "வளைகாப்பு நல்லபடியா முடியட்டும், நீயே வெச்சுக்கோ" என்று சொல்லி இறங்கிவிட்டீர்கள்.

அந்த ஒன்பதையும் பிரித்து, 21-ஐயும் புதிதாகப் பின்னினேன் அக்கா. வாசலில் தொங்கியதைத் தங்கை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உங்களுக்கென்று 22-வதாக ஒன்று என் பையிலேயே இருக்கிறது.