‘பற’ வரைக்கும் வந்துவிட்டார்கள், அடுத்து என்ன தரப்போகிறீர்கள்?

தமிழில் சிறார் நாவல் எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

மதுரை ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் கூடி வாசிக்கிறார்கள். நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை 12 பேர். பரீட்சை நேரத்தில் ஏழெட்டாகக் குறைவார்கள், லீவு விட்டால் தம்பி தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். அநேகமாக எல்லோரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் கேட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. கையடக்கமான சின்னச் சின்னக் கதைகள். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஆறாம் வகுப்புப் பெண் அந்தப் படிகளில்தான் ஏறினாள். ‘பற’ புத்தகம் ஒன்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டு என்னிடம் வந்து, “அக்கா, அடுத்து இதைவிடப் பெருசாக் குடுங்க” என்றாள். அலமாரியைத் திறந்தேன். ஒரு தட்டில் படக்கதைகள். அதையெல்லாம் அவள் தாண்டிவிட்டாள். இன்னொரு தட்டில் பெரியவர்கள் படிக்கிற சரித்திர நாவல்கள். அதற்கு அவளுக்கு இன்னும் நாலைந்து வருசம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில், 9 வயதிலிருந்து 13 வயது வரைக்குமான பிள்ளைகள் நாலு நாள் வைத்துப் படிக்கிற மாதிரியான நாவல்கள் ஒரு சாண் அகலத்தில் அடங்கிவிட்டன. அதையும் அவள் ஒரு மாதத்தில் முடித்துவிட்டாள்.

நிலைமை முன்னைவிட நன்றாக இருக்கிறது என்பதை மனதாரச் சொல்கிறேன். 2020-இல் மரப்பாச்சி சொன்ன ரகசியம், 2023-இல் ஆதனின் பொம்மை, 2025-இல் ஒற்றைச் சிறகு ஓவியா என்று சாகித்ய அகாடமி குழந்தை இலக்கியத்துக்குத் தருகிற பால சாகித்ய புரஸ்கார் தமிழ்ச் சிறார் நாவல்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆதனின் பொம்மை கீழடியைப் பற்றிய நாவல். கீழடிப் பானையோட்டில் ‘ஆதன்’ என்று தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருப்பதை அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வட்டச்சில்லுகளைப் பார்த்ததும், “நாம பாண்டி விளையாடுறதுதானே” என்று கத்திய பிள்ளைகள் அவர்கள். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இரண்டு பேர் ஒரே நாவலைத் தோளோடு தோள் ஒட்டிப் படித்தார்கள். வேகமாகப் படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பாமல் மற்றவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி வரப்போகிற புத்தகங்களைப் பற்றிச் சில வேண்டுகோள்கள்.

எங்கள் மாடியில் ஒரு வாசகம் உண்டு: “தாத்தா வந்துட்டாரு.” கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் குகைக்குள் நுழைந்திருப்பார்கள், கையில் டார்ச் அணைந்துபோயிருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு தாத்தாவோ ஆசிரியரோ அறிவியலாளரோ வந்து, ஒரு பக்கம் முழுக்க வௌவால்களின் நன்மைகளை விளக்குவார். அடுத்த பக்கத்தில் நெகிழி ஒழிப்பு. முதலில் ஒரு பையன்தான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னான். இப்போது யார் படித்துக்கொண்டிருந்தாலும் அந்த இடம் வந்ததும் மற்றவர்களே சொல்லிவிடுகிறார்கள். உங்கள் நோக்கம் நல்லது என்று எனக்குத் தெரியும். வௌவாலைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் டார்ச் அணைந்த குகையில் பயத்தோடு நிற்கிற பிள்ளையின் காதருகே ஒரு வௌவால் பறந்துபோனால், அது எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று அவனே கேட்பான். அவன் கேட்கிற வரைக்கும் பொறுங்கள். கேள்வி கதைக்குள்ளிருந்து வந்தால் பதிலை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். பெற்றோரும் ஆசிரியரும் “இதில் என்ன கருத்து இருக்கிறது” என்று கேட்டுத்தான் புத்தகம் வாங்குகிறார்கள் என்பீர்கள். அது உண்மைதான், அந்தச் சங்கடம் புரிகிறது. அதைப் பெரியவர்களுக்குப் பின்னட்டையில் சொல்லிக்கொள்ளுங்கள், உள்ளே வேண்டாம்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். “எங்கே செல்கிறாய் என வினவினான்” என்று ஒரு நாவலில் ஐந்தாம் வகுப்புப் பையன் இன்னொரு பையனிடம் பேசுகிறான். எங்கள் பிள்ளைகள் சிரிப்பதில்லை, அந்நியமாகப் பார்க்கிறார்கள். கதை சொல்கிற நடை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், அதுதான் அவர்கள் மொழியை வளர்க்கும். ஆனால் பிள்ளைகள் பேசும்போது பிள்ளைகளாகப் பேசட்டும். மதுரைப் பையன் “அங்கிட்டுப் போகாதடா” என்று சொன்னால் திருநெல்வேலிப் பையனுக்கும் புரியும்.

அப்புறம், ஊர். வருகிற கதைகளில் பாதி, பெயர் சொல்லாத ஒரு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. மீதி, பெயர் சொல்லாத ஒரு காட்டில் நடக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் இருக்கிறான். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும்போது அவனுடைய அப்பா வேண்டுதலுக்காகத் தோல் துருத்தி கட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர். ஆட்டுத்தோல் எப்படிப் பையாகிறது, அதன் வாயில் பித்தளைக் குழாயை எப்படி வைத்துக் கட்டுவார்கள், தண்ணீர் நிரம்பினால் தோள் எப்படி வலிக்கும், கூட்டத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்டு அரை மணி நேரம் அழுதுகொண்டே கல்பாலத்துப் பக்கம் நின்றது வரை ஒருநாள் சொன்னான். யாரும் அசையவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “இது ஏதாச்சும் புத்தகத்துல இருக்காக்கா?” என்று கேட்டான். எனக்குத் தெரிந்து இல்லை. எழுதுங்களேன்.

அரிட்டாபட்டியையும் நினைத்துப் பாருங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். வல்லூறுகள் கூடு கட்டும் பாறை, குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, தமிழிக் கல்வெட்டு எல்லாம் ஒரே இடத்தில். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் 2025 ஜனவரியில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் திரண்டு மதுரையை நோக்கி நடந்தன. அந்த மாதமே சுரங்கத்துக்கு விட்ட ஏலம் ரத்தானது. அந்த ஊர்களில் 10 வயதில் இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சாகச நாவலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அச்சைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கண்ணுக்கு இதமான எழுத்தளவு, வரிகளுக்கு நடுவே இடம், அத்தியாயத்துக்கு ஒரு கோட்டோவியம் போதும். வழவழத் தாளும் பக்கத்துக்குப் பக்கம் வண்ணமும் இல்லாவிட்டால் அவர்கள் குறைப்பட மாட்டார்கள். 120 பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகம் 150 ரூபாய்க்குள் கிடைத்தால் உண்டியலை உடைத்துக்கொண்டு தமுக்கம் புத்தகத் திருவிழாவுக்கு வருவார்கள். போன தடவை ஒரு அரங்கில் 10 வயதுக்கான நாவல் கேட்டதற்கு, விற்பனையில் இருந்தவர் கலரிங் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அவர்மேல் தப்பில்லை. எந்த வயதுக்கு என்று புத்தகத்தின் அட்டையில் போட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

வரப்போகிற புத்தகங்களைப் பற்றிய செய்தியும் பிள்ளைகளுக்கு வந்து சேர வேண்டும். பெரியவர்கள் நாவலுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறீர்கள், அட்டைப்படத்தை இரண்டு மாதம் முன்பே காட்டுகிறீர்கள். சிறார் நாவல் வந்து ஒரு வருசம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிகிறது. ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் நாயகி ரயில் ஏறிப் போய்விடுகிறாள். “ரெண்டாம் பாகம் எப்ப வரும்?” என்று மூன்று மாதமாக வாராவாரம் கேட்கிறார்கள். வரும் என்றாலும் வராது என்றாலும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். வருவதென்றால் அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயத்தை அங்கேயே அச்சடித்துவிடுங்கள். அதைப் படித்துவிட்டு அவர்கள் தூங்க மாட்டார்கள்.

எங்களால் முடிந்த ஒரு உதவியும் உண்டு. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் படியை எங்களைப் போன்ற வாசிப்பு வட்டங்களுக்கு அனுப்புங்கள். மதுரையைச் சுற்றியே மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எத்தனையோ ஊர்களில் ஆசிரியர்களும் நூலகர்களும் பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கிறார்கள். பிழை திருத்தித் தர எங்கள் பிள்ளைகளால் முடியாது. எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள், எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள், எந்த இடத்தில் தாத்தா வந்தார் என்று பக்க எண்ணோடு எழுதித் தருவார்கள். பென்சிலைச் சீவி வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை 5 மணிக்கு மாடியில் இருப்போம்.