குதிகாலில் குத்தும்போது தாயை உள்ளே விடக் கோரி மனு

அனுப்புநர்: பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள், காரைக்குடி வட்டாரம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை மாவட்டம்.

பொருள்: குறைமாதக் குழந்தைகளின் ஊசி வலியை மருந்தில்லாமல் தணிக்க ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

குறைமாதப் பிள்ளைக்குச் சர்க்கரை பார்க்க, காமாலை பார்க்க என்று குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். அழவில்லை என்றால் வலிக்கவில்லை என்று பொருளில்லை. 28 வாரத்தில் பிறந்ததற்கு அழத் தெம்பிருக்காது. புருவம் நெரியும், கண் இறுகும், மூக்கோரம் மடிப்பு விழும். மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறி ஆக்சிஜன் இறங்கும்.

குத்துவதற்குக் கால் மணி நேரம் முன்பே தாயின் வெறும் மார்பில் பிள்ளையைப் போட்டு, அங்கேயே வைத்துக் குத்தலாம். அதற்கு வழியில்லாதபோது, கழுவித் துடைத்துச் சூடாக்கிய கையால் தலையை அணைத்து, மறுகையால் முழங்கால்களை வயிற்றுப்பக்கம் மடக்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் கை வாயருகே இருக்கட்டும். குத்தி முடித்தவுடன் கையை எடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. நாடி பழையபடி இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். குத்துகிறவரே இதையும் செய்ய முடியாது; தாய் வேண்டுமென்பது அதனால்தான். துணியில் சுற்றினாலும் காலை நீட்டி இறுக்கக் கூடாது, இடுப்பு மூட்டு கெடும்.

குத்த 2 நிமிடம் முன்பு, ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்சால் தாய்ப்பாலை நாக்கின் நுனியில் சொட்டுச் சொட்டாக விடலாம். சுவைதான் வேலை செய்கிறது. குழாய் வழியே வயிற்றுக்குப் போனால் அந்தப் பலன் கிடையாது. வாய்வழி எதுவும் கூடாதென்று வைத்திருக்கும் பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்டே தரவேண்டும். 24 சதவீதச் சர்க்கரைக் கரைசலும் பயன்படும், ஆனால் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நம் பக்கத்து ஆச்சிகள் சேனை வைக்க (பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்க) தேனும் சீனித்தண்ணீரும் கொண்டு வருகிறார்கள். அதைக் கண்டிப்பாக மறுக்கிறோம்.

எந்த ஊசியால் குத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் வலி கூடும். சாதாரண ஊசியால் குத்தினால் ஆழம் கைக்குக் கை மாறும், ரத்தம் போதாமல் பிதுக்க நேரும். குத்தியதைவிடப் பிதுக்கலே பிள்ளைக்குப் பெரிய வேதனை. ரத்த அணு உடைந்து பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும், மறுபடியும் குத்த வேண்டியிருக்கும். ஸ்பிரிங் விசையில் தானே குத்தும் சிறு கருவியான லான்செட்டில் ஆழம் மாறாது. குத்துமிடம் குதிகாலின் இரு ஓரங்கள்தான். நடுவிலும் பின்பக்கமும் எலும்பு மேலோடு இருக்கிறது.

இவையெல்லாம் சிறு குத்தலுக்கு மட்டுமே. நெஞ்சில் குழாய் போடுவதற்கு வலிமருந்து கட்டாயம்.

தாய் வந்தால் தொற்று வரும் என்ற தயக்கம் உண்டு. முழங்கைவரை சோப்பில் கழுவி வருகிறவரை உள்ளே சேர்க்கலாம். மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2017-ஆம் ஆண்டுக் குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு வழிகாட்டுதல் சொல்வதும் அதுதான்.

ஆகவே, மாவட்டத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ரத்தம் எடுக்கும்போது தாயை, இரவானாலும், அனுமதிக்க எழுத்து மூலம் உத்தரவிடவும், குறைமாதக் குழந்தைகளுக்கான லான்செட்டையும் சாய்வு நாற்காலிகளையும் வாங்கித் தரவும், கேஸ் ஷீட்டில் வலி மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செவிலியர்கள்
இடம்: காரைக்குடி