கடை அடைத்த ஊரில் எங்களுக்கு உதவியவர்களுக்கு

அன்புள்ள செசெனாட்டிகோ ஊர்க்காரர்களுக்கு,

வணக்கம். போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை பொலோனியாவில் ரயிலேறி, ரிமினியில் வண்டி மாறி, இத்தாலியின் கிழக்குக் கடலோரம் இருக்கும் உங்கள் ஊருக்கு வந்தோம். நான், என் மனைவி, ஐந்து வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. அம்மா நாகப்பட்டினத்துக்காரர். கடலைப் பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

குளிர்காலக் கடல் உள்ளே ஏறாதபடி கரை நெடுக மணலை ஆள் உயரத்துக்கு மேல் குவித்து வைத்திருந்தீர்கள். குடையும் இல்லை, சாய்நாற்காலியும் இல்லை. மணல்மேட்டின் இடைவெளி வழியாகப் போய் அம்மா வெகுநேரம் அட்ரியாடிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதுவும் கிழக்காலதான் இருக்கு" என்றார். அந்த முகத்துக்காகவே வந்தது போதும் என்று இருந்தது.

சாப்பாட்டில்தான் தப்பு நடந்தது. அம்மா காலையில் சுகர் மாத்திரை போட்டிருந்தார். நான் நினைத்து வந்த இரண்டு கடைகளிலும் ஈஸ்டருக்குத்தான் திறப்போம் என்று அட்டை தொங்கியது. மணி ஒன்றரை. துறைமுகக் கால்வாய் ஓரம் நடக்கும்போதே அம்மாவுக்குக் கை நடுங்கியது, அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. என் பையில் ஒரு மிட்டாய்கூட இல்லை.

வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரே, முதல் நன்றி உங்களுக்கு. இத்தாலியனில் நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் அம்மாவை உங்கள் முக்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். சட்டைப்பையிலிருந்து காபிக்கடைச் சர்க்கரைப் பொட்டலம் மூன்றை எடுத்து, வலை ஊசி பிடித்திருந்த கையாலேயே கிழித்து, பிளாஸ்க் மூடியில் தேநீரோடு கலக்கிக் கொடுத்தீர்கள். அம்மா குடித்து முடிக்கும்வரை மூடியின் அடியை நீங்களும் தாங்கிப் பிடித்திருந்தீர்கள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

மருந்துக்கடை அம்மா, மதிய இடைவேளைக்குப் பாதி இறக்கிய ஷட்டரை எங்களுக்காக மறுபடி ஏற்றினீர்கள். விரலில் குத்திப் பார்த்ததோடு அனுப்பாமல், கால் மணி நேரம் உட்கார வைத்து இன்னொரு முறையும் பார்த்தீர்கள். அந்த நேரம் உங்கள் சாப்பாட்டு நேரம். காசும் வாங்கவில்லை.

அப்புறம், கோடு போட்ட பெட்டிக்கடையில் பியதீனா என்கிற தட்டை ரொட்டி சுடும் தங்கைக்கு. அம்மா சைவம் என்று மட்டும்தான் நான் சொன்னேன். "எங்கள் மாவில் பன்றிக் கொழுப்பு சேரும், அவருக்கு ஆகாது" என்று நீங்களாகவே சொன்னீர்கள். அங்கே வழக்கமாக அப்படித்தான் பிசைவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. சொல்லாமல் கொடுத்திருந்தால் சாப்பிட்டிருப்போம். அதோடு விடாமல் ஆலிவ் எண்ணெய் விட்டுப் புதிதாக ஒரு பிடி மாவு பிசைந்தீர்கள். அதைத் தேய்த்து, நடுவில் பூண்டு போட்டு வதக்கிய கீரையை வைத்து அரைவட்டமாக மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக் கல்லில் போட்டீர்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா மாவைத் தொட்டுப் பார்க்கக் கேட்டபோது, சிரித்துக்கொண்டு ஓர் உருண்டையை அவர் கையில் வைத்தீர்களே! "சப்பாத்தி மாவுதான், கொஞ்சம் கெட்டி" என்று அம்மா சொன்னார். அன்று உங்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல விட்டுப்போனது.

நாங்கள் மருந்துக்கடையில் இருந்த நேரமெல்லாம் என் மனைவியோடும் மகளோடும் பேசிக்கொண்டிருந்ததும் வலைக்காரப் பெரியவர்தான். 1502-இல் லியொனார்டோ டா வின்சி இந்தக் கால்வாய்க்கு வந்து அளந்து படம் வரைந்தார் என்று கையால் காற்றில் வரைந்து காட்டியிருக்கிறார். கடல் பொங்கினால் ஊருக்குள் தண்ணீர் வராமல் கால்வாயை அடைக்கும் கதவுகளுக்கும் டா வின்சியின் பெயர்தானாம். மகள் இப்போது காகிதம் கிடைத்தால் படகையும் கதவையும்தான் வரைகிறாள்.

அம்மா நலமாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிளம்புவதற்கு முதல் நாள் முறுக்கு சுட்டு மூன்று டப்பாவில் போட்டு, "நீயே கையில கொண்டுபோய்க் கொடு, தபால்ல அனுப்பாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அரிசி மாவும் கொஞ்சம் வெண்ணெயும்தான், பன்றிக் கொழுப்பு எதுவும் இல்லை. இந்த மடலை இத்தாலியனில் எழுதி எடுத்துக்கொண்டு வருகிற சனிக்கிழமை வருகிறேன். மகளும் கூட வருகிறாள்.

அன்புடன்,
நாகப்பட்டினத்து அம்மாவின் மகன்