நேர்காணலில் தொகுதிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு,

தேர்தலையொட்டித் தொலைக்காட்சிகளில் வரும் தலைவர்களின் நேர்காணல்களைப் பார்வையாளர்கள் கேலிக்கும் கைதட்டலுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறார்கள் என்று தங்கள் தலையங்கம் வருந்தியிருந்தது. குறையைப் பார்ப்பவர் மீது சுமத்துவது பொருத்தமாகப் படவில்லை. ஒரு மணி நேர உரையாடலில் பெரும்பகுதி கூட்டணி, தொகுதிப் பங்கீடு, யார் யாரைச் சந்தித்தார் என்பதிலேயே கழியும்போது, யாருடைய பதில் சூடாக இருந்தது என்பதைத் தவிர மக்கள் எதைத்தான் பேசுவார்கள்? ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில் அத்தகைய நேர்காணல் ஒன்றைப் பலருடன் பார்த்தேன், மிளகு பறித்துவிட்டு வந்த ஓர் அம்மா, கூடையை இறக்காமலே சற்று நேரம் கேட்டு நின்றுவிட்டு, "பட்டா பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்றார். காடுகளில் வாழும் பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு நில உரிமை வழங்கும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பற்றி நெறியாளர் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் தேர்தல் பரப்புரைக்கு இடமில்லை. எனவே அதற்கு முன் கிடைக்கும் நேரம் அருமையானது. அலைவரிசைகள் மாவட்டந்தோறும் வாசகர், பார்வையாளர் கேள்விகளை முன்கூட்டியே பெற்று, நேர்காணலின் முதல் பாதியை அவற்றுக்கே ஒதுக்கலாம். தலைவர் பதில் சொல்லாமல் கடந்துபோன கேள்விகளை (அவை குறைவாக இரா) நிகழ்ச்சியின் முடிவில் திரையில் பட்டியலாகக் காட்டுவதும் நல்லது.

– வாசகர், ஏற்காடு