அவிழ்க்காத சாரம்

செல்லூர், மதுரை

அன்புள்ள செல்விக்கு,

போன் போட்டால் "அப்புறம் கூப்பிடுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதான் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ வேளைக்குச் சாப்பிடு.

பேரனுக்கு எடுத்த மரபணு டெஸ்ட் ரிப்போர்ட்டை மாப்பிள்ளைதான் அனுப்பினார். நீ அனுப்பியிருக்கலாம். மாடியில் குடியிருந்து காமராசர் யுனிவர்சிட்டியில் படிக்கிறதே, அந்தப் பிள்ளையிடம் காட்டினேன். 'ஷாங்க் 3' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது உங்க தொழில்தான்" என்றது.

மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லும் இடத்தில் குளுட்டமேட் என்கிற சரக்கு வந்து இறங்குமாம். அதை வாங்குகிற ஏற்பிகள் அந்தரத்தில் நிற்குமா? கீழே சாரம். மேல்தட்டில் பிஎஸ்டி-95 என்ற புரதம் ஏற்பிகளைப் பிடித்து நிறுத்தும். அதற்கு அடியில் ஷாங்க், ஹோமர் என்கிற புரதங்கள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, செல்லுக்குள் ஓடுகிற ஆக்டின் இழைகளோடு சேர்த்துக் கட்டும். இந்த ஷாங்க் 3 புரதத்தைச் செய்கிற மரபணுவுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று பழுதானால் அந்தப் புரதம் பாதிதான் வரும், அது பற்றாது. இந்தச் சாரத்தை எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டேன். பிரிக்கவே மாட்டார்களாம். பழசு போகப் போகப் புதுசு வந்து உட்காருமாம். கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் சாரம் கட்டினவன் நான், ஒவ்வொரு முடிச்சையும் மிதித்துப் பார்த்துத்தான் அடுத்த கம்புக்குக் கால் வைப்பேன். எனக்கே இது பிடிபட ராத்திரி ஆகிவிட்டது.

2016-இல் அமெரிக்காவில் எம்ஐடியில், இந்த ஷாங்க் 3 புரதம் இல்லாமல் வளர்ந்த எலிகளுக்கு, பெரிசான பிறகு அதைத் திரும்ப வரவைத்தார்களாம். மற்ற எலிகளோடு பழகுவது தேறியது, பதற்றம் போகவில்லை. இன்னும் சின்னதிலேயே செய்தபோது பதற்றமும் குறைந்தது. எலிதான் தாத்தா என்று அந்தப் பிள்ளை இரண்டு தடவை சொன்னது. இருந்தாலும் பேச்சுப் பயிற்சியை விடாதே. ப்ளஸ் டூவில் 1120 எடுத்தவள், உனக்கு நான் சொல்லவா? விடாதே.

இந்தப் பழுது பெரும்பாலும் புதுசாக வருவதாம், அப்பன் ஆத்தா கொடுத்ததில்லையாம். அதைக் கேட்டதும் முதலில் எனக்குத்தான் நிம்மதி வந்தது. வெட்கமாக இருக்கிறது தாயி.

காதுகுத்தன்று பந்தியில், "செல்போனைக் கொடுத்துப் பிள்ளையை ஊமையாக்கிட்டா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். சம்பந்தி எதிர் இலையில் இருந்தார். நீ பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து போனாய். செல்போன் இல்லை, எனக்கு அப்போதே தெரியும். பேரன் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் என் தம்பி ஞாபகம்தான் வந்தது. நம்ம பக்கத்து ரத்தம் என்று அவர்கள் வாயில் வந்துவிடக் கூடாதே என்று உன் தலையில் போட்டேன். சாகும்வரை உன் சித்தப்பாவை எந்தப் பந்தியிலும் உட்காரவிடாதவனும் நான்தான். தட்டு பின்கட்டுக்குத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறலாமா என்று பார்க்கிறேன். அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள். வா என்றாலும் வேண்டாம் என்றாலும் மாப்பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதே, நீயே சொல்.

அப்பா